‘மேற்படியார் பாரியாள் பிரசுரித்தது’: பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெண்களை எங்கே தேடுவது?

வெள்ளெருக்கு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் கட்டோடு விலைபேசி எடுத்த புத்தகங்களில் ஒன்று 32 பக்கப் பக்திப் பாட்டு. மேலட்டை போய்விட்டது. உள்முகப்பில் பாடியவர் பெயர் இருக்கிறது, ஆண். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘இஃது மேற்படியார் பாரியாள் ... அம்மாளால் பிரசுரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. பாரியாள் என்றால் மனைவி. ஆண்டு 1926. குடும்பத்தார் யாராவது இருக்கலாம் என்பதால் அந்த அம்மாளின் பெயரை இங்கே போடவில்லை.

இதைத் தமிழ் படித்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். “புருஷன் செத்திருப்பார், அதனால் பெயரைப் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை” என்றார். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் அப்பத்தா ஒரு அச்சாபீசுக்குப் பாரம், அதாவது புத்தகப் பக்கங்கள் அச்சான பெரிய தாள், மடித்துக் கொடுத்தவர். சாயங்காலம் அச்சாபீஸ் பையன் அச்சான தாள்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து திண்ணையில் இறக்குவான். விடிவதற்குள் மடித்து அடுக்கி வைத்திருப்பார். அப்படி மடித்த புத்தகம் எத்தனை, எவை என்று அவருக்கே தெரியாது, அவருக்குப் படிக்க வராது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் புத்தக வேலை என்று சொன்னதில்லை, ‘மடிப்பு வேலை’ என்றுதான் சொல்வார்கள்.

தமிழ்ப் புத்தகம் உருவான வரலாற்றில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை முறையாகத் தேடிப் பார்க்க ஆசை. நான் எழுத்தாளர்களைக் கேட்கவில்லை. அச்சிட்டவர், வெளியிட்டவர், பதிப்பித்தவர், மடித்தவர், தைத்தவர் எல்லோரும் எனக்கு வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய நூலகர்

நல்ல கேள்வி அம்மா. முப்பது வருஷம் நூலக அட்டை எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதலில் சட்டத்தைப் படியுங்கள், அதற்கப்புறம் புத்தகத்தைத் தேடலாம்.

1867இல் வந்த அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் இடமும், வெளியிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும். அச்சுக்கூடம் வைத்திருப்பவர் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும். புத்தகம் வெளிவந்ததும் பிரதியை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பதிவேட்டில் ஏற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெஜட்டின் (அரசிதழின்) இணைப்பாகப் பட்டியல் போடுவார்கள். சென்னை மாகாணத்துக்கு அது செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்.

அந்தப் பட்டியலில் என்னென்ன கலம் (கட்டம்) என்று கேளுங்கள். தலைப்பு, மொழி, ஆசிரியர் அல்லது பதிப்பாசிரியர், பொருள், அச்சிட்ட இடம், வெளியிட்ட இடம், அச்சிட்டவர், வெளியிட்டவர், தேதி, பக்கம், அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, விலை. கடைசியாக, பதிப்புரிமை யாருடையது, அவர் எங்கே குடியிருக்கிறார். நீங்கள் பிடிக்க வேண்டியது இந்தக் கடைசிக் கலத்தைத்தான். புத்தகத்தின் முகப்பில் பெண் பெயர் இல்லாமலிருக்கும், உரிமைக் கலத்தில் இருக்கும். தெருப் பெயரோடு இருக்கும்.

உங்கள் 1926 புத்தகம் பதிவாகியிருந்தால் எத்தனை பிரதி அடித்தார்கள், என்ன விலை, முதல் பதிப்பா மறுபதிப்பா எல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிடும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கெஜட் தொகுதிகள் இருக்கின்றன. கேட்கும்போது ஆண்டும் காலாண்டும் சொல்லிக் கேளுங்கள். ‘பழைய புத்தகப் பட்டியல்’ என்று பொதுவாகக் கேட்டால் கையை விரிப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. புத்தகம் அச்சான ஊர் புதுக்கோட்டையாகவோ நாகர்கோவிலாகவோ இருந்தால் இந்தப் பட்டியலில் வராது. அவை அப்போது சமஸ்தானப் பகுதிகள், அந்தச் சட்டம் அங்கே செல்லாது. இது தெரியாமல் மூன்று நாள் தாளைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போன ஆய்வு மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறுக்குக்கேள்வி

ஐயா சொன்ன பட்டியல் அருமை. ஆனால் ஒரு சந்தேகத்தை வைத்தே ஆக வேண்டும். பெண் பெயர் அச்சில் இருப்பதாலேயே பெண் வேலை செய்தாள் என்று ஆகிவிடுமா? சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்கள் மனைவி பெயரில் வெளியிட்டிருக்கிறார்கள். கடன்காரனுக்குப் பயந்து அச்சகத்தை மனைவி பெயருக்கு மாற்றியவர்கள் உண்டு. நிலத்தில் நடந்தது அச்சிலும் நடந்திருக்கும். பினாமிப் பெயர்களை எண்ணிவிட்டு ‘இத்தனை பெண் பதிப்பாளர்கள்’ என்று கட்டுரை எழுதினால் அது வரலாறாகாது.

பெண்கள் பத்திரிகை என்று எண்ணுகிறவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். 1905இல் வந்த ‘சக்ரவர்த்தினி’ பெண்களுக்கான பத்திரிகை. ஆசிரியர் யார்? பாரதி. பெண்களுக்காக வந்ததையும் பெண்கள் நடத்தியதையும் பிரித்துப் பார்க்காமல் போட்ட பட்டியல்கள் நிறையவே இருக்கின்றன.

மைக்கறை

தோழர், பத்திரிகை பற்றிச் சொன்னது சரி. ஆனால் பினாமி என்ற சொல்லில் எனக்குச் சண்டை இருக்கிறது.

1933 அக்டோபர் 29ஆம் தேதி ‘குடி அரசு’ இதழில் ‘இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்று தலையங்கம் வந்தது. எழுதியவர் ஈ.வெ.ரா. (பெரியார்). அந்த இதழின் வெளியீட்டாளர் அவர் தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். அரசாங்கம் இருவரையும் கைது செய்தது, இருவருமே சிறைக்குப் போனார்கள். பழைய நூலகர் ஐயா சொன்னாரே, மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி என்று, அதன் பொருள் இதுதான். பெயரைக் கொடுத்தவர் உடம்பையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். தலையங்கத்தில் ஒரு வரிகூட எழுதாதவர் என்று வைத்துக்கொண்டாலும், கம்பி எண்ணியவர் அவர். அந்த இதழ் வெளிவருவதற்கு அவர் கையெழுத்து தேவைப்பட்டது, கொடுத்தார். இதைப் பினாமி என்றால் எந்தப் பதிப்பாளரைத்தான் நிஜப் பதிப்பாளர் என்பீர்கள்?

கண்ணம்மாளுக்கு முன் ஈ.வெ.ரா.வின் மனைவி நாகம்மையார். ஈ.வெ.ரா. வெளிநாடு போயிருந்த மாதங்களில் ‘குடி அரசு’ நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர்களில் அவர் முக்கியமானவர். நாகம்மையார் 1933 மே மாதம் இறந்தார். கண்ணம்மாள் கைதானது அதே வருஷக் கடைசியில். ஒரே வீட்டுப் பெண்கள்.

குறுக்குக்கேள்வி

ஏற்றுக்கொள்கிறேன். பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்ற கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வெள்ளெருக்கு கையில் இருப்பது பத்திரிகை அல்ல, 32 பக்கப் பக்திப் பாட்டு. அதற்கு யாரும் ஜெயிலுக்குப் போகப் போவதில்லை. அங்கே அந்த அம்மாள் என்ன செய்திருப்பார்?

பழைய நூலகர்

அதற்கு நெருங்கிய உதாரணம் செல்லம்மா பாரதி.

பாரதி 1921 செப்டம்பரில் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் கடையத்திலிருந்து, தம் எழுத்தையெல்லாம் 40 பகுதியாக அச்சிடப் போவதாகச் சுற்றறிக்கை அனுப்பிப் பணம் கேட்டிருந்தார். யாரும் பெரிதாகக் கொடுக்கவில்லை. அவர் போனபின் செல்லம்மா உறவினர் துணையோடு ‘பாரதி ஆசிரமம்’ என்ற பெயரில் வெளியீடு தொடங்கி, 1922இல் ‘சுதேச கீதங்கள்’ இரண்டு பாகம் கொண்டுவந்தார். தமிழ்நாட்டாரிடம் விண்ணப்பம் வைத்து, ஆதரவு கொடுத்தால் மற்றவற்றையும் அச்சிடுவேன் என்றார். ‘பாரதி பிரசுராலயம்’ வந்தது அதற்குப் பிறகு. உரிமை கைமாறிக் கைமாறி, 1949இல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 1922ஐ ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

வீட்டில் வருமானம் இல்லை. இரண்டு பெண்கள். கையில் இருப்பது கையெழுத்துப் பிரதிகளும் பத்திரிகை நறுக்குகளும். காகிதம் வாங்க வேண்டும், அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும், எதை முதலில் போடுவது என்று முடிவெடுக்க வேண்டும். அன்றைய நிலையில் விதவை ஒருத்தி அச்சாபீஸ் வாசலுக்கே போயிருக்க மாட்டாள் என்று சொல்லலாம். போகாமலே இத்தனையும் தீர்மானிக்க முடியும். புத்தகம் வந்ததா இல்லையா? வந்தது. உங்கள் பக்திப் பாட்டுக்காரர் வீட்டிலும் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து, ‘இதை அச்சில் போட வேண்டும்’ என்று ஒருத்தர் சொல்லியிருக்கிறார். அவர் பெயர்தான் அந்தச் சின்ன எழுத்து வரியில் இருக்கிறது.

கடல்தாண்டி

நான் ஐரோப்பாவில் அச்சு வரலாறு படித்துக்கொண்டிருப்பவன். இங்கே இந்தக் கேள்வியில் நெடுநாளாக வேலை நடக்கிறது. அவர்கள் தொடங்கியதும் ‘விதவை’ என்ற சொல்லிலிருந்துதான்.

பாரிஸில் சார்லொத் கியார் என்றொருவர் இருந்தார். செயின்ட் ழாக் தெருவில் ‘பொற்கதிரவன்’ என்ற பெயர்ப்பலகை போட்ட அச்சகம். இரண்டு முறை மணந்து இரண்டு முறை விதவையானவர். இரண்டாம் கணவர் 1537இல் இறந்தபின் 1557 வரை தாமே நடத்தினார். திருச்சபைத் தந்தையரின் பெரிய பெரிய லத்தீன் நூல்களை அடித்தவர். நெடுங்காலம் அவரையும் ‘இன்னாரின் விதவை’ என்றே அட்டவணைகளில் ஏற்றியிருந்தார்கள். ஆய்வாளர்கள் அச்சக விதவைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, சிலர் இரண்டு மாதத்தில் விற்றுவிட்டார்கள், சிலர் மகன் பெரியவனாகும் வரை தாங்கிப் பிடித்தார்கள், சிலர் கணவரைவிடப் பெரிதாக நடத்தினார்கள் என்று தெரிந்தது. ஒவ்வொருவரையும் அவர் புத்தகங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வெள்ளெருக்கின் அப்பத்தா கதையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. புளோரன்ஸ் நகரில் ரிப்போலி என்ற கன்னிமடம். 1476 முதல் 1484 வரை அங்கே அச்சகம் ஓடியது. கன்னியாஸ்திரிகளே எழுத்துக் கோர்த்தார்கள். புத்தகங்களின் முடிவுரையில் மடத்தின் பெயர் இருக்கும், கோர்த்த கைகளின் பெயர் இருக்காது. பின் எப்படித் தெரிந்தது? மடத்தின் கணக்குப் புத்தகம் தப்பிப் பிழைத்திருக்கிறது. காகிதம் வாங்கியது, மை வாங்கியது, கூலி கொடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஆகவே அக்கா, கணக்கு நோட்டைத் தேடுங்கள். அச்சாபீஸ் மூடும்போது எடைக்குப் போடுவது முதலில் அதைத்தான்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 1470களில் இத்தாலியின் மாந்துவா நகரில் எஸ்தலீனா என்ற யூதப் பெண், தம் கணவர் ஆபிரகாம் கொனாத்தின் அச்சகத்தில் ஒரு எபிரேய நூலை அச்சிட்டார். முடிவுரையில், ஆபிரகாம் கொனாத்தின் மனைவியாகிய எஸ்தலீனா நான் இதை ‘எழுதினேன்’ என்று சொல்கிறார். அச்சிடுவதற்கென்று எபிரேயத்தில் அப்போது சொல் நிலைபெறவில்லை. உலோக எழுத்தைக் கோர்த்து, மை தடவி, அழுத்தியெடுத்த வேலைக்கு அவர் கையில் இருந்த சொல் அதுதான்.

பழைய நூலகர்

கடல்தாண்டி தம்பி, சொல் பற்றிச் சொன்னீர்களே, நம் பழைய முகப்புகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘இன்னாரால் பார்வையிடப்பட்டு, இன்னாரது அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது’ என்று இருக்கும். பார்வையிடுதல் என்றால் பிழைதிருத்தமா, பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் சொற்கள்) பார்த்துப் பதிப்பித்தலா? இடத்துக்கு இடம் மாறும். இன்றைய ‘பதிப்பாளர்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தேடினால் பாதி தவறிவிடும். பிரசுரித்தவர், வெளியிட்டவர், பரிசோதித்தவர், பார்வையிட்டவர், உரிமையாளர் என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும்.

பெயரில் இன்னொரு கண்ணி. தலைப்பெழுத்து. வை.மு. கோதைநாயகி அம்மாளின் ‘வை.மு.’ கணவர் வீட்டு எழுத்து. ‘வை.மு.கோ.’ என்று மட்டும் போட்டிருந்தால் விவரம் தெரியாதவர் ஆண் என்றே எடுத்துக்கொள்வார். எத்தனை அட்டைகளை நானே அப்படி எழுதியிருப்பேன் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

திருவல்லிக்கேணிக்காரி

வை.மு.கோ. பெயரை எடுத்துவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது.

அவரை நாவலாசிரியர் என்றே பேசுகிறோம். 115 நாவல் என்று எண்ணிக்கை சொல்கிறோம். 1925இல் ‘ஜகன்மோகினி’யை வாங்கி முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தியவர் என்பதைப் பின்குறிப்பாகச் சொல்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. நாவல் ராத்திரியில் உட்கார்ந்து எழுதிவிடலாம். மாசாமாசம் இதழ் கொண்டுவருவது என்றால் சந்தா வசூல், காகிதம், தபால், வி.பி.பி. (பணம் கொடுத்துப் பெறும் தபால்) திரும்பிவருவது, விளம்பரக்காரன் இழுத்தடிப்பது. இதை முப்பது வருஷம் செய்தவர் அவர். 1930களில் போராட்டத்துக்காகச் சிறைக்கும் போனார். ஐந்தரை வயசில் கல்யாணம், பள்ளிக்கூடமே பார்க்காதவர்.

அதனால்தான் ஆரம்பத்தில் அவருக்கு எழுத வராது. ‘இந்திர மோஹனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். வெள்ளெருக்கு, உங்கள் பட்டியலில் பட்டம்மாளுக்கு என்ன கலம் வைப்பீர்கள்? ஆசிரியர் இல்லை, பதிப்பாளர் இல்லை, அச்சிட்டவர் இல்லை. ஆனால் அவர் கை இல்லாமல் அந்தப் புத்தகம் இல்லை. வாய்ச்சொல்லைத் தாளுக்குக் கொண்டுவந்த கை அது. ஏட்டுக் காலத்தில் இதற்கு ‘எழுத்தாணி பிடித்தவர்’ என்று மரியாதையான இடம் இருந்தது. ஏட்டின் கடைசியில் ‘இன்னார் எழுதி நிறைந்தது’ என்று எழுதுவார்கள். அச்சு வந்ததும் அந்த வரி போய்விட்டது.

குறுக்குக்கேள்வி

பட்டம்மாள் பற்றிச் சொன்னதை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப் பதிவேட்டில் கலம் இல்லாத வேலை என்று ஒன்று இருக்கிறது. அதுதான் இந்த இழையின் கனமான பகுதி.

கலம் இருந்தும் மதிப்புக் கிடைக்காத ஒன்றை நான் சேர்க்கிறேன், பதிப்பாசிரியர். பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டியவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் 1910இல் சென்னையில் ஒரு தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்தார். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’. 1887இல் வந்த முந்தைய பதிப்பைப் பார்த்தபோது அதில் பாடல்கள் விடுபட்டிருந்தன. முத்துப்பழனி தம் பாட்டி, தாய் வழியைச் சொல்லும் முன்னுரைப் பகுதியும் இல்லை. நாகரத்தினம்மாள் சுவடி தேடிப் பெற்று, விட்டதைச் சேர்த்து, புதிய பதிப்பை வாவிள்ள என்ற பதிப்பு நிறுவனத்தின் வழியாகக் கொண்டுவந்தார். ஆபாசம் என்று குற்றம் சொல்லி அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை நீங்கியது 1947இல். 1952இல் மறுபதிப்பு வந்தது. நாகரத்தினம்மாள் காலமானதும் 1952இல்தான்.

சுவடி ஒப்பிட்டு, விடுபட்டதைக் கண்டுபிடித்து, ஏன் விட்டார்கள் என்று கேட்டுப் பதிப்பித்தவர் அவர். சுவடி தேடிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கும் சி.வை. தாமோதரம் பிள்ளைக்கும் நாம் எந்தச் சொல்லைக் கொடுக்கிறோமோ அந்தச் சொல் இவருக்கும் உரியது. நான் தொடக்கத்தில் பினாமி என்று ஆரம்பித்தவன். இப்போது என் கவலை வேறு. பெயரும் வேலையும் இரண்டுமே தெளிவாக அச்சில் இருக்கிற இடத்தில்கூட நாம் பார்க்கவில்லை.

வடமராட்சி

வணக்கம். இலங்கைப் பக்கமும் ஒரு சொல்லு.

இங்கை 1885இல் அச்சகங்கள், வெளியீட்டாளர்கள் பற்றிச் சட்டம் வந்தது. நூலகர் ஐயா சொன்ன மாதிரியே காலாண்டுப் பட்டியல் கெஜட்டிலை வரும். ஆனா யாழ்ப்பாணத்தவர் நூல்கள் பல சென்னையிலையும் அச்சாகினது, ஆறுமுக நாவலரின்ரை காலத்திலை இருந்தே அப்பிடித்தான். அதாலை ஒரு பட்டியலிலை இல்லையெண்டா மற்றதைப் பாருங்கோ. மங்களநாயகம் தம்பையாவின்ரை ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வந்தது. அதை ஈழத்தின்ரை முதல் பெண் நாவலாசிரியர் எண்ட அளவிலை நிறுத்திப்போடுகினம். ஆர் காசு போட்டது, ஆர் அச்சுப்பிழை பார்த்தது எண்டு கேக்கிறவை குறைவு.

எங்கடை நூல்கள் பலவற்றின்ரை முகப்புத் தாள் நூலகம் இணையத்தளத்திலை படமாகவே கிடக்கு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிஞ்சாப் பிறகு, ஆற்றையேன் வீட்டிலை மிஞ்சின பிரதிதான் எங்களுக்குக் கடைசி ஆதாரம். அந்தப் பிரதியளை இடம்பெயரேக்கை உடுப்புப் பெட்டிக்குள்ளை வைச்சுக் காவினதிலை அம்மாமாரும் அம்மம்மாமாரும் கன பேர். புத்தகத்தைக் காப்பாத்தினதையும் புத்தக வேலையெண்டு எழுதுங்கோ பிள்ளை.

மைக்கறை

வெள்ளெருக்கின் அப்பத்தா பற்றி எழுதத்தான் இந்த இழைக்குள்ளேயே வந்தேன். வேறு விஷயத்தில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் அப்பா கம்பாசிட்டர், அச்செழுத்துக் கோர்ப்பவர். சொந்தமாக ஒரு டிரெடில் (காலால் மிதிக்கும் அச்சு இயந்திரம்) வைத்துக் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், சின்னப் புத்தகம் அடித்தார். அச்சான பிறகு எழுத்தைப் பிரித்துப் போடுகிற வேலை அம்மாவுக்கும் எனக்கும். தமிழ் கேஸில், அதாவது அச்செழுத்துகளைப் போட்டுவைக்கும் பெட்டியில், அறைகள் எக்கச்சக்கம். பழைய லை, ளை, ணை, னை ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. துதிக்கை வைத்த லையை மாற்றி அறையில் போட்டுவிட்டால் அடுத்த புத்தகத்தில் பிழையாக வந்து நிற்கும். அம்மா கண்ணால் பார்க்கவே மாட்டார். விரல் நுனியில் உருட்டி, பக்கவாட்டுப் பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு போட்டுக்கொண்டே வருவார். பேச்சு எங்களோடு இருக்கும், கை கேஸில் இருக்கும். சாப்பிடப் போகும்முன் புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவச் சொல்வார், ஈயம் என்பதால்.

மடிப்பு எப்படி என்றால், அகலத் தாளில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பக்கமாக இரண்டு பக்கமும் அச்சாகியிருக்கும். மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். மடிப்பைச் சும்மா கையால் தேய்த்தால் உப்பலாக நிற்கும், மூங்கில் பட்டையால் இழுத்துவிட வேண்டும். மை முழுசாகக் காயாமல் வந்தால் எதிர்ப்பக்கத்தில் ஈஷிக்கொள்ளும், அதற்குக் கூலியில் பிடிப்பார்கள். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் பொடி எழுத்தில் 2, 3, 4 என்று எண் இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் அந்த எண்ணின் உருவத்தை வைத்தே வரிசையாக அடுக்குவார்கள். உங்கள் அப்பத்தாவும் அப்படித்தான் செய்திருப்பார். பழைய புத்தகம் எதையாவது எடுத்து 17ஆம் பக்க அடியைப் பாருங்கள். அந்த எண் வாசகருக்குப் போட்டதல்ல, அவருக்குப் போட்டது.

தைப்பு முடிந்து முதுகில் பசை. மைதா காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். எங்கள் அம்மா விரலில் அந்த நீலம் தீபாவளிக்குக்கூடப் போகாது.

இதையெல்லாம் எந்தக் கெஜட்டும் எழுதாது. கேட்டு எழுத வேண்டும். அம்மாமார்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். மும்பையில் 1988 முதல் இயங்கும் ஸ்பாரோ, பெண்களின் வாய்மொழியைப் பதிவு செய்து வைப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. எழுத்தாளர் அம்பை அதை நிறுவியவர்களில் ஒருவர். அந்த முறையை நாம் நம் ஊரிலேயே செய்யலாம். ஒரு போன் போதும்.

வெள்ளெருக்கு

நான்கு வாரம் கழித்து வருகிறேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. இரண்டு வேலை செய்தேன், இரண்டையும் சொல்கிறேன்.

முதலாவது, எழும்பூர். நூலகர் ஐயா சொன்னபடி ஆண்டும் காலாண்டும் எழுதிக் கொடுத்தேன். தாள் தொட்டால் உதிர்கிறது. இரண்டாம் நாள் மத்தியானம் அந்த அம்மாள் கிடைத்தார். 1926 பதிவில் வெளியிட்டவரும் அவரே, பதிப்புரிமையும் அவர் பெயரில், தெருவோடு. அதோடு மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டியவள், ஏனோ அடுத்த தொகுதிகளையும் கேட்டேன். மூன்று வருஷம் கழித்து அதே புத்தகம் இரண்டாம் பதிப்பு. அச்சகத்தை மாற்றியிருக்கிறார். விலையைக் குறைத்திருக்கிறார், பிரதியைக் கூட்டியிருக்கிறார். அந்தத் தொகுதியிலேயே வேறொரு பக்கத்தில் அவர் பெயர் இன்னொரு முறை வருகிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் அவர் கணவர் அல்ல. இன்னொரு பெண். அந்த வரியைப் பார்த்ததும் என்னால் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. அந்த இரண்டாவது புத்தகத்தை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டிருக்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இதுவரை கண்ணில் படவில்லை.

இரண்டாவது, எங்கள் ஊர். அப்பத்தா மடித்துக் கொடுத்த அச்சாபீஸ் இப்போது செல்போன் கடை. அந்த வீட்டுப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். கடல்தாண்டி தம்பி சொன்னதை மனதில் வைத்துக் கணக்கு நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பரணிலிருந்து ஒரே ஒரு நீள நோட்டு வந்தது. பாதி கரையான். பக்கத்துக்குப் பக்கம் ‘ம.கூ.’ என்று எழுதி எதிரே தொகை. மடிப்புக் கூலி. யாருக்கு என்கிற இடத்தில் பெயர் கிடையாது. ‘கிணத்து வீடு’, ‘தெற்கு வீடு’, ‘வேப்பமரத்து வீடு’ என்று வீடாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வேப்பமரத்து வீடு எங்கள் வீடு. மற்ற இரண்டு வீடுகளிலும் அப்போது யார் இருந்தார்கள் என்று என் பெரிய அத்தைக்குத் தெரியும். அவருக்கு வயது 84. ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கு நேரேயும் பெயரை எழுதிக்கொண்டு வந்தேன். ஏழு பெயர் ஆகியிருக்கிறது. அப்பத்தா பெயரை நானே எழுதினேன்.

மைக்கறை அக்கா, மூங்கில் பட்டை என்று எழுதியிருந்தீர்கள். அத்தையிடம் அதையும் கேட்டேன். எழுந்து உள்ளே போய் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். ஒரு ஓரம் நகம் மாதிரி தேய்ந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அதை வைத்து அப்பளக் கட்டைத் திறந்துகொண்டிருந்தாராம்.

உங்கள் அம்மா எந்த ஊர் அச்சகத்தில் வேலை செய்தார் என்று தனிமடலில் சொல்வீர்களா? அவரைப் பார்த்துப் பேச வேண்டும்.

மைக்கறை

அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலையில் வாருங்கள், மத்தியானம் அம்மா தூங்கிவிடுவார். அந்தப் பட்டையையும் கொண்டுவாருங்கள், அம்மா கையில் கொடுத்துப் பார்க்கலாம்.